சைலஸ் கேட்டால் போதும்

கவென்ட்ரி,
1909 நவம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று விசாரித்து எழுத வேண்டியது தம்பியின் கடமை என்று பக்கத்து வீட்டு மிஸஸ் கிரெட்டன் சொன்னாள். இதற்காகவே நம் வாசல்வரை வந்து, என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். அதனால் எழுதுகிறேன். அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டி, தேநீர். சனிக்கிழமை மட்டும் சந்தையில் கறிப் பணியாரம் வாங்குகிறேன். உன் நாற்காலியில் நான் உட்காரவில்லை. துவைக்க வேண்டிய துணியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

தையல் மிஷின் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அடியில் கம்பளித் துண்டு வைத்ததாலோ, உள்ளே இருந்த பல்லை நான் லேசாக அராவியதாலோ அது கெட்டுப் போகவில்லை. நூலை இழுத்துப் பிடிக்கும் சுருள் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. நான் கை வைக்காவிட்டாலும் தையல் விட்டுத்தான் போயிருக்கும். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால் உனக்கே புரியும்.

பட்டறையில் மோட்டார் வண்டிக்கான புதுப் பின் அச்சு ஒன்று வந்திருக்கிறது. உலுக்கு மேடையில் ஏற்றிவிட்டோம். மேடு வைத்த உருளைகள் மேல் சக்கரங்களை நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் தரையோடு கட்டி, காலையிலிருந்து சங்கு ஊதும்வரை குலுக்குகிறோம். மோசமான சாலையில் பல வருஷம் ஓடினால் படும் அடியெல்லாம் சில வாரத்தில் பட்டுவிடும். மேல்கூண்டு இன்னும் கட்டவில்லை, வெறும் சட்டமும் இருக்கைகளும்தான். பெரிய மனிதர்கள் உட்கார வேண்டிய இடத்தில் மணல் மூட்டைகள். ஒரு மூட்டைக்கு எவனோ இறகு வைத்த பழைய தொப்பி மாட்டிவிட்டான். அதற்குச் சீமாட்டி என்று பெயர். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் போர்மேன் ஹாலம் கேட்கிறான்: “என்னப்பா சைலஸ், சீமாட்டிக்கு இடுப்பு வலியாம். ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?”

நாள் முழுக்க அந்த வண்டி ஓடுகிறது, இருந்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் நான் நிற்கிறேன். மரக்கோலின் ஒரு முனையை அச்சின் உறைமேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பேன். திருப்தியானால் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் விழாத அச்சு பட்டறையை விட்டு வெளியே போகாது. ‘சைலஸ் கேட்டால் போதும்’ என்பது இங்கே பேச்சாகவே ஆகிவிட்டது. சத்தமில்லாத வண்டி என்று சொல்லித்தான் கம்பெனி விற்கிறது, அதற்குத்தான் என் காது. அந்தக் காது வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? அதை நீ கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கலாம்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் தம்பி,
சைலஸ்


ஸ்கெக்னெஸ்,
நவம்பர் 15

சைலஸ்,

கடிதம் கிடைத்தது. மணல் மூட்டைகள் சௌக்கியம் என்று தெரிந்து சந்தோஷம். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரிகூட நீ கேட்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று மிஸஸ் கிரெட்டன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய், விசாரிக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்.

மிஷின் கெட்டது எனக்குக் கோபம்தான். மிஸஸ் லூடனின் பட்டு ரவிக்கையில் முழத்துக்கு ஒரு இடத்தில் தையல் விட்டுப் போய், அவள் அதைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் அதற்காக நான் வீட்டை விட்டுப் போவேனா? உன்னை ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் நான். நீ உடைத்த சாமான்களை அடுக்கினால் ஒரு கடையே வைக்கலாம்.

கதவுக்கு எண்ணெய் விட்டாய், சரி. படிக்கட்டில் ஆணி அடித்தாய், சரி. கெட்டில் மூடிக்குத் தோல் வளையம் போட்டாய். கடிகாரம் மணி அடிக்கிற சுத்தியலுக்குக்கூடக் கம்பளி சுற்றினாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தேன். ஒரு வருஷம் அப்படி நடந்தேன், சைலஸ், என் சொந்த வீட்டில், திருடி மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தேன். நீ தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். “அக்கா, அந்தப் பாட்டக் கொஞ்சம் நிறுத்தேன். எங்கயோ ஒரு ரீங்காரம் கேக்குது. எதுலேருந்து வருதுன்னே தெரியல.” இதுதான் நீ சொன்னது.

நிறுத்தினேன். அந்தக் கிழங்கு வேகும்வரை அடுக்களையில் நின்றேன். அப்புறம் பெட்டியை எடுத்தேன்.

இங்கே நம் சித்தி மகள் பியூலா, தான் நடத்தும் தங்கும் விடுதியில் மாடி அறை கொடுத்திருக்கிறாள். குளிர்காலத்தில் இந்த ஊரில் ஒரு ஈ காக்கை கிடையாது. வெறும் கட்டில்கள், சுருட்டிய மெத்தைகள், ஜன்னலுக்கு வெளியே கடல். அது யாரையும் கேட்டுக்கொண்டு சத்தம் போடுவதில்லை. பியூலா நேற்றுச் சொன்னாள்: “ஹெஸ்டர், நீ இங்கயே இருந்துடேன்டி. கோடை வந்தா எனக்கு ரெண்டு கை பத்தாது. அந்தப் பய தனியாக் கிடந்து திண்டாடட்டும், அப்பத்தான் புத்தி வரும்.” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

எப்போது வருவேன் என்று கேட்டாய். வருவேனா என்று கேட்டிருக்க வேண்டும்.

ஹெஸ்டர்


கவென்ட்ரி,
டிசம்பர் 5, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வீட்டில் இனிமேல் நான் கம்பளி சுற்றவும் அராவவும் ஒன்றும் மிச்சமில்லை. கொல்லைக் கதவு முன்பு கிறீச்சிடும் இல்லையா, இப்போது மெழுகு போலத் திறக்கிறது. தண்ணீர் பம்பின் முனகல் நின்றுவிட்டது. மூன்றாம் படியை வேண்டுமென்றே ஓங்கி மிதித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இத்தனைக்கும் நீ போன பிறகு நான் எதற்கும் எண்ணெய்கூட விடவில்லை. பழைய வேலைக்கு இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது போலும். ஆகவே நீ வந்தால் செருப்போடு நடக்கலாம். பாடலாம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு அமைதி வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான். வந்தபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் வந்து விளக்கேற்றி உட்கார்ந்தால், அடுப்பில் கரி எரிவது தெரிகிறது, கேட்பதில்லை. நேற்று “யாராவது இருக்கீங்களா” என்று நானே சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதே.

மனிதர்களும் மாறிவிட்டார்கள். மிஸஸ் கிரெட்டன் முன்பெல்லாம் துணி உலர்த்தும்போது ஊர்க்கதை முழுவதும் சொல்வாள். இப்போது என்னைப் பார்த்தால் உதட்டைக் கோணிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

பின் அச்சு அருமையாக ஓடுகிறது. இவ்வளவு நாள் உலுக்கியும் உள்ளேயிருந்து ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட வரவில்லை. இதுவரை நாங்கள் செய்ததிலேயே இதுதான் நல்லது. இப்போது கோலைக் காதில் வைப்பதில்லை, பல்லில் கடித்துக்கொள்கிறேன். அதிர்வு நேராக மண்டைக்குள் இறங்குகிறது, அது வசதியாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு வருவாயா? வருவாயா என்றுதான் கேட்டிருக்கிறேன், கவனி.

சைலஸ்


ஸ்கெக்னெஸ்,
டிசம்பர் 13

தம்பி,

நேற்று மிஸஸ் கிரெட்டனிடமிருந்து கிறிஸ்மஸ் அட்டை வந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “உங்க கொல்லைக் கதவு பன்னி அறுக்கிற மாதிரி கத்துது. பம்பு அதுக்கு மேல. என் வீட்டுக்காரருக்கு விடியக்காலத் தூக்கம் போச்சு. உங்க தம்பிக்கிட்ட நாலு தடவ சொல்லிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. பெரிய எடத்து வண்டியத் தொட்டதும் கர்வம் தலைக்கேறிடுச்சு போல.”

இதைப் படித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். கதவு மெழுகு போலத் திறக்கிறது என்கிறாய். கரி எரிவது தெரிகிறது, கேட்பதில்லை என்கிறாய். கோலைப் பல்லில் கடிக்கிறாய்.

நம் அப்பாவை நினைத்துப் பார். நாடா நெய்யும் தறிக்கூடத்துச் சத்தத்தில் நின்று நின்று அவர் காது போனது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவன். எனக்கு இருக்கிறது. வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கேள்வி கேட்டால் சிரிப்பார். வீடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்பார்.

சைலஸ், உனக்குக் காது கேட்கிறதா?

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. இதற்கு மட்டும் பதில் சொல்.

அக்கா


கவென்ட்ரி,
டிசம்பர் 19

அக்கா,

வேலியில் தொங்கிக்கொண்டு வம்பு பேசுகிறவள் சொன்னதை நம்பி, கூடப் பிறந்தவனைச் செவிடன் என்கிறாய். நல்லது.

என் காதை நம்பித்தான் இந்த ஊரின் ஒசத்தியான வண்டிகள் வெளியே போகின்றன. இதோ, இதை எழுதும்போதே கூடத்துக் கடிகாரம் ஒன்பது அடித்தது. அடுக்களையில் உட்கார்ந்துகொண்டே ஒவ்வொரு அடியாக எண்ணினேன். கம்பளி சுற்றியும் நன்றாகக் கேட்டது. போதுமா?

புது வருஷம் பிறந்ததும் அச்சுக்கு வட்டம் போடுகிறேன். இந்த அச்சோடு போகும் முதல் வண்டியை பர்மிங்ஹாமில் குண்டூசி ஆலை வைத்திருக்கும் ஒரு கனவான் கேட்டிருக்கிறார். வந்து பார்த்துவிட்டும் போனார். ஐந்து பெண் குழந்தைகள், ஐந்தும் சீமாட்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. அதன் மடியில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போனது கடைசிப் பெண்.

கிறிஸ்மஸுக்கு நீ வரத் தேவையில்லை. பட்டறை ஆட்களோடு எனக்கு வேலை இருக்கிறது.

சைலஸ்


ஸ்கெக்னெஸ்,
டிசம்பர் 27

தம்பி,

பட்டறை ஆட்களோடு உனக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது. தனியாக உட்கார்ந்து குளிர்ந்த ரொட்டி தின்றிருப்பாய். இங்கே பியூலா வாத்து வறுத்தாள். இருபது பேர் உட்காரும் மேஜையின் ஒரு கோடியில் நாங்கள் இருவர். உன் பங்கை வெட்டித் தட்டில் வைத்துவிட்டேன், பழக்கதோஷம். பியூலா அதை எடுத்துப் பூனைக்குப் போட்டாள்.

கடிகாரம் ஒன்பது அடித்ததைக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

அந்தச் சுத்தியல் என்னிடம் இருக்கிறது, சைலஸ். புறப்பட்ட அன்று, இத்தனை கம்பளி சுற்றி மூச்சுத் திணற வைப்பதற்கு இது அடிக்காமலே இருக்கட்டும் என்று கோபத்தில் ஒடித்து, பொத்தான் டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். இப்போது என் முன்னால் கிடக்கிறது, நீ சுற்றிய சிவப்புக் கம்பளியோடு. நான் வந்ததிலிருந்து அந்தக் கடிகாரம் ஒரு மணியும் அடிக்கவில்லை.

என்னிடம் பொய் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை நீ மனதுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஹாலமுக்கு நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய், எனக்கு அது வேண்டாம். நீயே சொல். சாக்கட்டியைக் கையில் எடுக்கும் முன் சொல். அப்பாவின் காதை நம்பி இருந்தது வெறும் நாடாதான். அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். உன் வட்டத்தை நம்பி அந்த மிட்டாய் வைத்த குழந்தை உட்காரப் போகிறது.

அக்கா


கவென்ட்ரி,
1910 ஜனவரி 16, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

வட்டம் போட வேண்டிய நாள் காலையில் உன் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. மேடை ஓடிக்கொண்டிருந்தது. கோலைப் பல்லில் கடித்துக்கொண்டு வழக்கம்போல நின்றேன். மண்டைக்குள் மொத்தமாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. போன கோடையிலிருந்தே தெரியவில்லை. சாக்கட்டி கையில் இருந்தது. மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலமைக் கூப்பிட்டு, கோலை அவன் கையில் கொடுத்தேன்.

“நீயே கேட்டுச் சொல்லு, ஹாலம். எனக்குக் காது போயிடுச்சு.”

அவன் கோலை வாங்கினான். அச்சில் வைக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினான். அப்புறம் குழந்தைக்குச் சொல்வதுபோல் வாயைத் திறந்து திறந்து சொன்னான், எனக்கும் புரிந்தது.

“கோல் எதுக்குப்பா? கிறிஸ்மஸுக்கு முந்தியிலேருந்தே டக் டக்குன்னு அடிச்சிக்கிட்டுத்தான இருக்கு. வாசல்ல நின்னாலே கேக்குதே.”

“அப்ப ஏன்யா ஒருத்தரும் சொல்லல?”

“நீதான் பக்கத்துலயே நிக்கிறியே. நீயே ஒண்ணும் சொல்லல. சைலஸுக்குக் கேக்காத சத்தம் என்ன பெரிய சத்தம்னு இருந்துட்டோம்.”

கடைசல்காரன் ரூபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டே, அவனும் அதேபோல் வாயைத் திறந்து திறந்து, “நான் என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். வைத்தியர்ட்டகூடப் போயிட்டு வந்தேன்” என்றான். யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையை நிறுத்தினார்கள். அது நின்றது எனக்குச் சீமாட்டியின் தொப்பி இறகு ஆடாமல் நின்றதில்தான் தெரிந்தது.

அச்சைப் பிரித்தார்கள். பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல் அடியில் விரிசல் விட்டிருந்தது. நகம் நுழையும் அளவு. அது சாலையில் இறக்கத்தில் உடைந்திருந்தால் பின் சக்கரம் இறுகிக்கொண்டு வண்டி குப்புறக் கவிழ்ந்திருக்கும். ஹாலம் அந்தச் சக்கரத்தைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னை வெளியே அனுப்பவில்லை. இனி ரூபர்ட் கேட்பான். எனக்கு மணல் மூட்டை தைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். உலுக்குகிற உலுக்கலில் மூட்டைகள் கிழிந்துகொண்டே இருக்கின்றன. கோணி ஊசியால் தைக்கிறேன். முழத்துக்கு ஓரிடம் தையல் விட்டுப் போகிறது, மணல் கொட்டுகிறது. உன் மிஸஸ் லூடனிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

பரிதாபப்பட்டு நீ இங்கே வர வேண்டாம். பியூலாவிடம் இருந்துகொள். அங்கே கடலாவது உன்னோடு பேசும். இந்த வீட்டில் நீ எவ்வளவு பாடினாலும் இனி எனக்குத் தொந்தரவில்லை. அதை நினைத்துத்தான் நேற்று அழுதேன். வேண்டாம் என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான் நான் கடைசியாக முழுசாகக் கேட்டது. அது என்ன பாட்டு என்றுகூட நான் கவனிக்கவில்லை, அக்கா. அப்போது எங்கேயோ ரீங்காரம் கேட்டது என்றேனே, அது எதிலிருந்தும் வரவில்லை. என் தலைக்குள்ளிருந்து வந்தது. இப்போதும் வருகிறது. எனக்குத் துணைக்கு இருப்பது அது ஒன்றுதான்.

சைலஸ்


ஸ்கெக்னெஸ்,
ஜனவரி 24

தம்பி,

பரிதாபப்பட்டு நான் ஏன் வருகிறேன்? உன்மேல் பரிதாபப்பட ஆரம்பித்தால் எனக்கு வேறு வேலை ஓடாது.

உள்ளதைச் சொல்கிறேன். இங்கே வந்த மறுநாளே பாடிப் பார்த்தேன். மாடியில் வரிசையாகக் காலிக் கட்டில்கள், நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன், அப்படித்தான். பியூலா நல்லவள். ஆனால் அவளுக்கு நான் பாடினாலும் ஒன்றுதான், பாடாவிட்டாலும் ஒன்றுதான். அவளிடம் சொல்லிவிட்டேன். “போ, போய் அந்தச் செவிட்டுப் பயலுக்கே ஆக்கிப் போடு” என்று கத்தினாள். அப்புறம் வழிக்கு ஒரு டப்பா நிறையக் கேக் சுட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பெட்டியோடு இங்கே தூக்கி வந்த மிஷினும் என்னோடு திரும்பி வருகிறது. ஸ்டேஷனுக்கு வராதே, கூட்டத்தில் நான் கூப்பிட்டு நீ திரும்பாமல் நின்றால் இருவருக்கும் கஷ்டம். கொல்லைக் கதவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு வை, மிஸஸ் கிரெட்டனின் புருஷன் தூங்க வேண்டும். வேறு எதையும் தொடாதே. சுத்தியலை நானே பொருத்துகிறேன், கம்பளி இல்லாமல். அது அடிக்கட்டும். எனக்கு மணி தெரிய வேண்டும்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க உனக்குக் கற்றுத் தருகிறேன். அம்மாவும் நானும் அப்பாவோடு அப்படித்தான் பேசினோம், பாதி நீயே கற்றுக்கொண்டுவிட்டாய் என்று தெரிகிறது. கோணி ஊசி பிடிக்கவும் கற்றுத் தருகிறேன். இழையை இழுத்துப் பிடிக்காமல் தைத்தால் மணல் கொட்டாமல் என்ன செய்யும்?

அந்த மரக்கோலை ஹாலமிடம் கேட்டு வாங்கி வை. ரூபர்ட் வேறொன்று வெட்டிக்கொள்ளட்டும். அதன் ஒரு முனையை நீ பல்லில் கடித்துக்கொள், மறுமுனையை நான் என் கழுத்தெலும்பில் ஊன்றிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முதலிலிருந்து பாடுகிறேன். எவ்வளவு உன்னிடம் வந்து சேருமோ தெரியாது. ஒன்றும் வராமலும் போகலாம். வந்ததை வைத்துக்கொள்ளலாம்.

நான் வரும்போது நீ அடுக்களையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியும். கதவைத் தட்ட மாட்டேன், கூப்பிட மாட்டேன். அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, செருப்புக் காலால் தரைப்பலகையை ஓங்கி இரண்டு தடவை மிதிப்பேன். உன் உள்ளங்காலில் தெரியும். உடனே திரும்பிப் பார். மூன்றாம் தடவை மிதிக்க வைக்காதே, எனக்கு முழங்கால் வலி.

அக்கா